காற்றாலை அடியில் ஒரு வரவேற்புரை

அந்த ஆபீசரைப் பழிவாங்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது எங்கள் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்புக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது. அதற்கு முன் நான் யாரையும் பழிவாங்கியதில்லை. பக்கத்து வீட்டு ஆடு என் முருங்கைக் கன்றை மொட்டையடித்தபோதுகூட ஒரு வார்த்தை பேசாமல் முள் வெட்டிக் கட்டினவள். ஆனால் அன்று அந்த மனிதர் என் தம்பியைப் பற்றிச் சொன்ன பொய்யைக் காதால் கேட்ட பிறகு, எனக்குள் ஏதோ ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஆவணியில் உட்கார்ந்தது மாசி வரை எழுந்திருக்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர், புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பொட்டலுக்குள் நடந்து போகவேண்டிய ஊர். சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவில் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. புதுக்கோட்டையில் மின்சாரம் இருந்தது. எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். அப்பா இறந்த பிறகு ஆத்தா, நான், தம்பி மூன்று பேர். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, உள்ளூர்ப் பள்ளியிலேயே வேலை பார்த்தேன்.

ஐந்தாண்டுத் திட்டம் என்பது எல்லார் வாயிலும் இருந்த காலம் அது. டீசலும் மண்ணெண்ணெயும் கப்பலில் வருகின்றன, காற்று சும்மா வருகிறது, அதைக்கொண்டு கிணற்றுத் தண்ணீரை இறைக்க முடியுமா என்று ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் பணம் ஒதுக்கியது. வெளிநாட்டுக் காற்றாலைகள் பலத்த காற்றுக்கென்று செய்தவை. நம் பக்கத்திலோ ஆடியில் அம்மியைத் தூக்குகிற காற்று, ஐப்பசியில் விளக்குத் திரியைக்கூட அசைக்காது. இரண்டுக்கும் ஈடுகொடுக்கிற ஒன்றை இங்கேயே செய்து, இங்கேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு எங்கள் ஊர்ப் பொட்டலையும், அங்கே இருந்த பொதுக் கிணற்றையும் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல திட்டம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எனக்குத் திட்டத்தோடு பகை கிடையாது.

என் தம்பி எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியவன். இயந்திரத்தில் அவன் தவறியதில்லை. ஊர் ஊராகக் கொட்டகை போட்ட ஒரு டூரிங் டாக்கீஸில் ஆயில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தான். எல்லாரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். இவன் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருப்பான். காற்றாலை வருகிறது என்று தெரிந்ததும் டாக்கீஸை விட்டுவிட்டு வந்து, தினக்கூலிக்குச் சேர்ந்துகொண்டான். ஆபரேட்டர் என்று பெயர். கிரீஸ் தடவுவது, பம்பைப் பார்ப்பது, காற்று மிஞ்சினால் வால் தகட்டை மடக்கிச் சக்கரத்தை நிறுத்துவது எல்லாம் அவன்தான்.

"அக்கா, அந்த வால் இருக்குல்ல, அது மாடு மோந்து பாக்குற மாதிரி காத்த மோந்து பாக்குது. இங்கிட்டு அடிச்சா இங்கிட்டுத் திரும்புது, அங்கிட்டு அடிச்சா அங்கிட்டு" என்று சாப்பிடும்போது சொல்வான். சோறு கையில் காய்ந்துபோகும்.

திட்டத்துக்குப் பொறுப்பாக ஓர் ஆபீசர் வந்தார். மதராஸ்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். பேன்ட், சோலா தொப்பி, தங்க ஃபிரேம் கண்ணாடி. புதுக்கோட்டையில் வீடு எடுத்துக்கொண்டு ஜீப்பில் வந்துபோவார். முதலில் அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பெப்பர்மின்ட் கொடுப்பார். உயரம் மட்டும் அவருக்கு ஆகாது. கிணற்றைப் பார்க்க வந்த முதல் நாளே, கரையில் நின்று எட்டிப் பார்க்கத் தலை சுற்றுகிறது என்று நான்கு முழம் தள்ளி நின்றவர். ஊருக்கே தெரியும். நாங்கள் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. எங்கள் ஆத்தாவுக்குக்கூட மாடிப்படி ஆகாது.

சர்க்காரின் பணம் மார்ச் முடிவதற்குள் செலவாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் திரும்பிப் போய்விடும், அடுத்த வருஷம் கேட்பதற்கும் முகம் இருக்காது. அதனால் மாசியும் பங்குனியும் அவசரம் அவசரமாக வேலை நடந்தது. இரும்புக் கோபுரம் எழுந்தது. அதன் உச்சியில், சக்கரத்துக்குக் கீழே, ஆள் நின்று வேலை பார்க்க ஒரு மேடை வேண்டும். அதற்கான தேக்குப் பலகை வரவில்லை. பல் சக்கரங்கள் கப்பலில் வந்த பெட்டியை உடைத்து, அந்தப் பலகையையே போடச் சொன்னார் ஆபீசர்.

"சார், இது பெட்டிப் பலகைங்க. பூரா ஆணி ஓட்டை. மழையில ஊறுனா பொத்துக்கிரும்" என்று தம்பி சொல்லியிருக்கிறான்.

"இப்போதைக்குப் போடுப்பா. கமிட்டி வந்துட்டுப் போகட்டும். தேக்கு ஏப்ரல்ல வந்துடும்."

கமிட்டி வந்தது. ஒதுக்கிய பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மேற்பார்வைக் குழு. அன்றைக்குக் காற்றே இல்லை. முந்தின நாள் சாயங்காலமே கமலை மாடுகளைப் பூட்டி இறைத்து, கோபுரத்தடித் தொட்டியை நிரப்பி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் நிறைந்த தொட்டியைப் பார்த்தார்கள், தலையை அண்ணாந்து மேலே பார்த்தார்கள், இளநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். மேலே பார்ப்பதுதான் மேற்பார்வை போலிருக்கிறது என்று அன்றைக்கு நான் சிரித்தேன். பின்னால் சிரிக்கவில்லை.

ஏப்ரல் வந்தது. தேக்கு வரவில்லை. புது வருஷத்துப் பணத்தில் பெரிய பெயர்ப்பலகை ஒன்றும், ஜீப்புக்கு ஒரு கொட்டகையும் வந்தன.

ஆடி மாதம். நான் வகுப்பில் இருந்தேன். மேற்கிலிருந்து புழுதியோடு காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் காற்றாலைப் பக்கமிருந்து தகரத்தைக் கல்லில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். வாலை மடக்குகிற கம்பி அறுந்து, சக்கரம் அடங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. நடந்ததை ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களும் தம்பியும் பின்னால் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

காற்று தணியட்டும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். வேப்பமரத்தடியில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆபீசர் கேட்கவில்லை.

"இறக்கை பிய்ஞ்சு போச்சுன்னா டெல்லிக்கு யார் பதில் சொல்றது? நீ ஏறுறியா, வேற ஆளைப் பாக்கட்டுமா?"

தம்பி ஏறினான். அவனுக்கு அந்தச் சக்கரத்தின் மேல் இருந்த பிரியத்துக்கு, அவர் அதட்டாவிட்டாலும் ஏறியிருப்பான் என்பது வேறு விஷயம். அதட்டினது அதட்டினதுதான். மேலே போய், கையால் வாலை இழுத்து மடக்கிக் கயிற்றால் கட்டினான். சக்கரம் அடங்கியது. அப்பாடா என்று ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தான். பலகை உடைந்தது. தொட்டி விளிம்பில் இடுப்பு பட விழுந்தான்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பைக் கொடுத்தார் ஆபீசர். அதை மறைக்க மாட்டேன். தொடையும் இடுப்பும் முறிந்திருந்தன. உயிருக்குப் பயமில்லை, வலது கால் குட்டையாகிவிடும், கோல் இல்லாமல் நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆத்தா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சமைத்து, வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தாள்.

ஆவணியில் விசாரணைக்கு மதராஸிலிருந்து ஒரு மேலதிகாரி வந்தார். ஊரில் ஓட்டுக் கட்டடம் எங்கள் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அங்கேதான் நடந்தது. நாற்காலி எடுத்துப் போடவும் தண்ணீர் கொண்டுவந்து வைக்கவும் என்னைச் சொன்னார்கள். வைத்துவிட்டு நான் போகவில்லை, கரும்பலகை ஓரமாக நின்றுகொண்டேன்.

ஆபீசர் நிதானமாகப் பேசினார். "வருத்தமான விஷயம்தான் சார். ஆனா பையன் அன்னைக்குக் குடிச்சிருந்தான். பக்கத்துல போனப்ப வாடை அடிச்சுது. டவர்ல ஒரு குறையும் கிடையாது. நானே தினம் ஏறி இறங்குறேன்."

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். குடித்தான் என்று சொன்னால் மானம் போவதோடு நிற்காது, போலீஸும் வரும். என் தம்பி பதநீர் லேசாகப் புளித்திருந்தால்கூடத் துப்பிவிடுகிறவன்.

"அய்யா, அவன் குடிக்க மாட்டாங்க" என்றேன்.

மேலதிகாரி திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"அவன் அக்காங்க."

"அக்கான்னா அப்படித்தாம்மா சொல்லுவீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் ஜீப் கிளம்பிவிட்டது. கோபுரத்தின் பக்கம் யாரும் போகவே இல்லை.

ஆபீசர் தப்பு செய்தார் என்பதை நான் மன்னித்திருப்பேனோ என்னவோ. பலகைக்கு ஆணி ஓட்டை இருப்பது அவர் குற்றம் மட்டுமில்லை, மார்ச் மாதத்தின் குற்றமும்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற ஒருவன் மேல், அவன் பதில் சொல்ல முடியாத இடத்தில், அவன் அக்கா தண்ணீர் வைத்த மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு அப்படி ஒரு பொய். அதற்கு மன்னிப்பு என்கிட்டே இல்லை. அந்தக் கரும்பலகை ஓரத்தில் நின்றே நினைத்துக்கொண்டேன்: நீ தினம் ஏறி இறங்குகிறாய் அல்லவா, ஒரு நாள் ஏறு, நான் பார்க்கிறேன்.

தம்பிக்கு வேலை போயிற்று. குடித்துவிட்டு விழுந்தவனுக்கு நஷ்டஈடு கிடையாது என்றார்கள். தையில் கல்யாணம் வைப்பதாக நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் வந்து, காலைப் பற்றிப் பேசாமல் குடியைப் பற்றிப் பேசி, வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கால்தான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆபீசர் சொன்ன பொய் அவர்களுக்கு மரியாதையான ஒரு வாசலைத் திறந்துவிட்டிருந்தது.

ஆத்தா அழுதாள். தம்பி கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பொட்டலைப் பார்த்தான். "கிரீஸ் போடாம ஓட்டுறாங்க. கேக்குது பாரு" என்றான்.

நான் காத்திருந்தேன். காத்திருப்பது பள்ளிக்கூடத்து வேலை மாதிரிதான். தினமும் மணி அடிக்க வேண்டும், தினமும் பாடம் நடத்த வேண்டும், முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. வழியில் ஆபீசரைப் பார்த்தால் வணக்கம் சொன்னேன். பதில் வணக்கம் சொன்னார். நாளாக ஆக, நான் அடங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

மாசியில் அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மறுபடியும் கமிட்டி வரப்போகிறது, இந்தத் தடவை பெரிய விஷயம். இங்கே ஆராய்ச்சி வெற்றி என்று அவர்கள் ஒப்புக்கொண்டால், இதே மாதிரிக் காற்றாலைகள் பல ஊர்களில் வைக்கப் பணம் வரும், எல்லாவற்றுக்கும் இவரே தலைமை. பிள்ளைகளை வைத்து ஒரு வரவேற்புப் பாட்டும், ஊர் சார்பில் ஒரு வரவேற்புரையும் வேண்டும். தலைமையாசிரியருக்கு மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் என்னைக் கைகாட்டினார்.

ஆபீசர் கொஞ்சம் தயங்கினார். "பழசை மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். நானும் மேல பதில் சொல்ல வேண்டியவன். ஒங்க தம்பிக்குக்கூட ஏதாவது பாக்கலாம்."

"அதெல்லாம் ஒன்னும் இல்லிங்க சார். நல்லபடியா செஞ்சுருவோம்" என்றேன்.

மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அணி இலக்கணம் நடத்துவேன். வஞ்சப்புகழ்ச்சி என்று ஓர் அணி உண்டு. புகழ்வது போல இகழ்வது. எடுத்துக்காட்டுச் சொன்னாலும் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடாது, எதற்குப் புகழ்கிறார்கள் என்று விழிப்பார்கள். அந்த வாரம் முழுக்க நான் அந்த அணியிலேயே இருந்தேன். அடுப்படியில் நின்று சொல்லிப் பார்ப்பேன். ஆத்தா, "என்னடி தனியா பேசுற?" என்பாள். "பேச்சு மனப்பாடம் பண்றேன்த்தா" என்பேன்.

கமிட்டி வந்த அன்று ஊரே பொட்டலில் கூடியிருந்தது. கோபுரத்தின் அடியில் சாமியானா. கோபுரத்துக்குப் புதிதாகப் பச்சைப் பெயின்ட். உச்சி மேடையில் உடைந்த பலகைக்குப் பதில் வேறு பலகை போட்டு அதற்கும் பச்சை அடித்திருந்தார்கள். வந்தவர்கள் மூன்று பேர். தலைவர் வயதானவர், கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவராம், கதர் ஜிப்பா, குடை. மற்றவர்களில் ஒருவர் இளைஞர். தம்பியும் வந்திருந்தான். நான் வரவேண்டாம் என்றேன். "காத்தாடியப் பாக்க வாரேன், ஒன் பேச்சக் கேக்க வரல" என்று சொல்லிவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் கோலைச் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தான்.

பிள்ளைகள் பாடினார்கள். நான் எழுந்தேன். அந்தக் காலத்து மேடைத் தமிழ் எனக்கும் கொஞ்சம் வரும். அறிவியலைப் புகழ்ந்தேன், அரசாங்கத்தைப் புகழ்ந்தேன், தலைவரின் குடையைத் தவிர எல்லாவற்றையும் புகழ்ந்தேன். பிறகு ஆபீசரிடம் வந்தேன்.

"நாற்காலியில் அமர்ந்து ஆணையிடும் அதிகாரிகளை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் நம் அதிகாரி அவர்கள், விண்ணை முட்டும் இந்தக் கோபுரத்தில் நாள்தோறும் தாமே ஏறி இறங்குகிறார். இதை அவர்களே எங்கள் பள்ளியில், ஒரு விசாரணையின்போது, மேலதிகாரியின் முன்னிலையில் தெரிவித்தார்கள். அந்தக் காட்சியைக் காணும் பேறு எங்கள் மாணவச் செல்வங்களுக்கு இதுவரை வாய்க்கவில்லை. மேலே உள்ள மேடையில் நின்று அவர்கள் ஒருமுறை கையசைத்தால், அதைவிட எங்களுக்கு வேறு வரவேற்பு வேண்டாம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்ட வேண்டிய இடம் அதுதான் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். பெரியவர்கள் தட்டவில்லை. அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

தலைவருக்குப் புரியவில்லை. அவர் சந்தோஷமாகச் சிரித்தார். "அப்படியா? தினமும் ஏறுவீங்களா? நல்ல பழக்கம். ஏறுங்களேன், நானும் பார்க்கறேன்."

ஆபீசர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அவர் அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு ஆளை ஏறச் சொல்லியிருக்கலாம். ஆனால் பல ஊர்க் காற்றாலைகளும் பெரிய பதவியும் அந்தக் குடைக்காரர் கையில் இருந்தன. ஷூவைக் கழற்றினார். ஏணியில் கை வைத்தார்.

பாதி உயரம் போகவில்லை. அதற்குள் நின்றுவிட்டார். ஒரு கம்பியை இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். தொப்பி விழுந்தது. பிறகு கண்ணாடி விழுந்தது. ஒரு பையன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவனும் சிரித்தான், அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். பிள்ளைகளை அடக்குவது என் வேலை. நான் அடக்கவில்லை.

அவர் விழவேண்டும் என்று நினைத்தேனா என்று ரொம்ப நாள் கழித்து ஆத்தா கேட்டாள். நினைத்தேன். தொட்டி விளிம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கக்கூடச் செய்தேன்.

அப்போது தம்பி எழுந்தான். கோலை ஊன்றி, கோபுரத்தின் அடிக்கு வந்து நின்று மேலே பார்த்துப் பேசினான்.

"சார், நான்தான் பேசுறேன். கீழ பாக்காதீங்க. முன்னாடி இருக்க கம்பிய மட்டும் பாருங்க. ம். எடது கால எறக்குங்க. படி இருக்கு, பயப்படாதீங்க. இப்ப வலது கால். கைய அப்புறம் எடுங்க. அவசரம் இல்ல சார்."

படி படியாக, மாட்டைப் பாலத்தில் நடத்துகிற மாதிரி, அவரைக் கீழே கொண்டுவந்தான். எனக்கு அப்போது ஆபீசர் மேல் இருந்ததைவிடத் தம்பி மேல்தான் ஆத்திரம் அதிகமாக இருந்தது.

ஆபீசர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். யாரோ செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது. நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். மெதுவாகத்தான் கேட்டேன், ஆனால் தலைவர் காதில் விழுகிற மாதிரிக் கேட்டேன்.

"சார், குடிச்சிருக்கீங்களா?"

அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"என்னம்மா கேக்கறீங்க?" என்றார் தலைவர்.

"இந்த டவர்ல ஏறித் தடுமாறுனா குடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்னு சார்தாங்க சொல்லிக் கொடுத்தாரு. இந்தா நிக்கிறானே, என் தம்பி. இவன் விழுந்தப்ப அப்படித்தாங்க எழுதி முடிச்சாங்க."

தலைவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தம்பியைப் பார்த்தார், அவன் காலைப் பார்த்தார். அப்புறம் இளைஞரைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த இளைஞர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். மேடையில் கால் வைக்கவில்லை, ஏணியில் நின்றபடியே கையால் ஒரு பலகையை அழுத்தினார். முனை பெயர்ந்து கையோடு வந்தது. அதைக் கொண்டுவந்து தலைவரிடம் கொடுத்தார். மேல்பக்கம் பச்சைப் பெயின்ட். அடிப்பக்கத்தில் கப்பல் பெட்டியின் கறுப்பு எழுத்துகள் அப்படியே இருந்தன.

"இவர் குடிச்சிருந்தாரா?" தலைவர் ஆபீசரைக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

ஆபீசர் தரையைப் பார்த்துக்கொண்டே, "இல்லை சார்" என்றார்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க."

"இல்லை. அவன் குடிக்கலை."

ஊர் கேட்டது. பெண் கொடுக்க மறுத்தவர்களின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள், அவர்களும் கேட்டார்கள். கரும்பு தின்கிற மாதிரி இருந்தது எனக்கு. இப்போது எழுதும்போதும் நாக்கில் அந்த இனிப்பு வருகிறது.

தம்பிதான் கெடுத்தான். "அய்யா, ஒன்னு சொல்லிக்கிறேங்க" என்று தலைவர் முன்னால் போய் நின்றான். "காத்தாடி நல்லதுங்க. பலகைதான் சரியில்ல. வாலுக்கு இன்னுங்கொஞ்சம் எடை கொடுத்து, கம்பிய மாத்துனா, ஆடிக் காத்தையும் தாங்கும். நிறுத்திப்புடாதீங்க."

தலைவர் அவன் தோளைத் தொட்டார். "பார்ப்போம்ப்பா" என்றார்.

பார்த்தார்கள். ஆளைப் பிடிக்காவிட்டால் திட்டத்தையும் சேர்த்து மூடிவிடுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த கண்டிப்பு. எங்கள் ஊருக்கான பணம் நின்றது. மற்ற ஊர்களுக்கு என்று பேசியதும் நின்றது. ஆபீசரை வடக்கே எங்கேயோ ஒரு சரக்குக் கிடங்குக்கு மாற்றினார்கள், ஆராய்ச்சி என்ற சொல்லே இல்லாத வேலைக்கு. தம்பிக்கு ஒரு தொகை வந்தது. அந்த வைகாசியில் ஆட்கள் வந்து சக்கரத்தையும் வாலையும் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். கிணற்றில் மறுபடி கமலை ஓடியது.

லாரி போன அன்று தம்பி சாப்பிடவில்லை.

"அவர எறக்கணும்னு நெனச்சே. எறக்கிப்புட்ட. காத்தாடியையும் சேத்து எறக்கிப்புட்டியேக்கா" என்றான்.

"நானா எறக்குனேன்? அந்தப் பலகை எறக்குச்சு."

"பலகைய மாத்தியிருக்கலாம்."

"ஒன் பேர மாத்தியிருக்க முடியாதுடா. குடிகாரன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறப்ப, ஒனக்குக் காத்தாடி ஒரு கேடா?"

அதன் பிறகு ஆவணி வரை என்னோடு பேசவில்லை. ஆத்தா வழியாகத்தான் எல்லாம். நானும் இறங்கி வரவில்லை. அவனுக்கு வேண்டியது காற்றாலை. எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை. இரண்டும் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் கேட்டதையே மறுபடியும் கேட்பேன்.

சில வருஷங்களில் எங்கள் பக்கமும் மின்சாரக் கம்பம் வந்தது. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் பம்ப்செட். தம்பி வந்த தொகையை வைத்துக்கொண்டு புதுக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை போட்டான். உட்கார்ந்து செய்கிற வேலை. கை ராசி என்று பேர் வாங்கினான். ஆவூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் எரிந்துபோன மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு அவனைத் தேடி வருவார்கள். கல்யாணமும் ஆயிற்று. எனக்கும் புதுக்கோட்டைக்கு மாற்றல் கிடைத்து, எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் திருச்சி போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கீரனூர் தாண்டியதும் முன் சீட்டில் இருந்தவர் பக்கத்து ஆளிடம் பேசுவது காதில் விழுந்தது. குரலை வைத்தே அந்த ஆபீசர்தான் என்று தெரிந்துகொண்டேன். தலை நன்றாக நரைத்திருந்தது. யாரோ உறவினர் கல்யாணத்துக்குப் புதுக்கோட்டை வருகிறாராம்.

"ஒரு காலத்துல இந்த ஏரியாவே என் சார்ஜ்தான். விண்ட்மில் ஆராய்ச்சி. இந்தியாவுலயே முதல் வரிசைல வந்திருக்கும். நல்லா போயிட்டிருந்த திட்டம். அரசியல் சார், அரசியல் பூந்து கெடுத்துட்டுது."

பஸ் ஸ்டாண்டு வரும் வரை சும்மா இருந்தேன். வண்டி நின்றதும் எழுந்து, அவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அந்த அரசியல் நான்தாங்க சார்" என்றேன்.

முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. அவர் கை முன் சீட்டுக் கம்பியைப் போய்ப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டக்டர் இறங்கச் சொல்லி அவசரப்படுத்தினார். நான் இறங்கி, கடைவீதியில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கால் தரையில் பாவவில்லை.

தம்பி மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் அன்று சமையல் என் பொறுப்பு. தம்பி கடையைப் பூட்டிவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்தான். இலையைப் போட்டுச் சோற்றை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னது, நான் சொன்னது, அவர் முகம் போன போக்கு. ஒன்று விடவில்லை.

அவன் கடைசி வரை கேட்டான். பிறகு கேட்டான்: "ஆளு எப்படி இருக்காரு? ஒடம்பு கிடம்பு நல்லாருக்குதா?"

குழம்புச் சட்டியை அவனுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.